தரையில் பதிந்த முதுகு

ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்திலும் இனி எழுதப்போகும் எல்லாக் கடிதங்களிலும், பார்த்ததைப் பார்த்தபடியே, கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக எழுதுவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ எப்படி இருக்கிறாய்? முழங்கால் தொந்தரவு இல்லையே? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? நானும் அம்மாவும் சௌக்கியம். அம்மாவுக்குத் தொண்டை மட்டும் கட்டியிருக்கிறது. காரணம் கீழே.

போனில் பேசலாமே என்பாய். போனை எடுத்தாலே அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள். பேசுவது உன்னிடம் என்று தெரிந்தால் முகம் மாறிவிடும். அதனால்தான் கடிதம். நீ பதிலை என் பள்ளிக்கூட நூலகத்துக்கு எழுது. நூலகர் மேடம் வாங்கி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். பக்க மூலையை மடக்காமல் புத்தகத்தைத் திருப்பித் தருகிறவள் நான் ஒருத்திதானாம்.

செய்தி இதுதான். அம்மா ஒரு குழுவுக்குக் கோச் ஆகிவிட்டாள். சம்பளத்துக்கு ஆடும் பெண்கள் கூடைப்பந்துக் குழு, நீ ஆடும் அதே லீகில். போன வருஷம் கடைசி இடத்தில் வந்ததே, நீங்கள்கூடச் சிரித்துக்கொண்டே தோற்கடித்தீர்களே, அவர்கள்தான். இந்த வருஷமும் அப்படியென்றால் குழுவைக் கலைத்துவிடுவார்களாம். மேனேஜர் அம்மாவிடம், "மேடம், உண்மையச் சொல்லுங்க, ஒரு கோச்சால எவ்வளவுதான் மாத்த முடியும்? புது ஆள் எடுக்க எங்ககிட்ட வழியில்ல" என்றார். "புது ஆள் யாரு கேட்டா? இருக்கறவங்களையே மாத்தித் தரேன்" என்றாள் அம்மா.

எனக்கும் வேலை கிடைத்திருக்கிறது! பள்ளிக்கூடம் விட்டதும் ரிங்குக்குக் கீழே, கோட்டுக்கு வெளியே மாப்போடு உட்கார்ந்திருப்பேன். யாராவது விழுந்தால் வியர்வை பட்ட இடத்தை ஓடிப்போய்த் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து ஓடிவருகிறவள் வழுக்கி விழுவாள்.

முதல் நாளே ரத்தம் துடைத்தேன். குழுவில் பொம்மை என்று ஒருத்தி இருக்கிறாள். குள்ளம், பெரிய கண். ஆனால் பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள்.

"ஏன்டி மூடற?" என்றாள் அம்மா.

"பழக்கம் கோச்."

"சரி, மாத்திடலாம்."

பொம்மையைச் சுவரோடு நிறுத்தி அம்மா பந்தை வீசினாள். ஒன்று இடது காதை உரசிக்கொண்டு போனது. ஒன்று வலது காதை. மூன்றாவது நேராக மூக்கில். அம்மாவின் குறி தவறியதா, பொம்மை தலையை நகர்த்தினாளா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்றுதான் எழுத வேண்டும். ரத்தம் வியர்வை மாதிரி இல்லை அக்கா, துடைக்கத் துடைக்கப் பரவுகிறது. மூக்கில் பஞ்சை வைத்துக்கொண்டு பொம்மை மறுபடி நின்றாள். அடுத்த பந்துக்குக் கண்ணை மூடவில்லை. அம்மா அவள் கன்னத்தைத் தட்டி, "பாத்தியா, வருதுல்ல?" என்றாள். பொம்மை அழுதுகொண்டே சிரித்தாள்.

இதையெல்லாம் ஏன் உனக்கு எழுதுகிறேன் என்றால், அம்மாவுக்கு இந்த வேலை எவ்வளவு நன்றாகத் தெரியும் என்று நீ பார்க்க வேண்டும். பார்த்தால் உன் கோபம் போய்விடும். கோபம் போனால் வீட்டுக்கு வருவாய். அப்பா போன பிறகு மூன்று பேராக இருந்தோம். இரண்டு பேர் போதவில்லை. என் திட்டம் முழுவதும் இவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
எலி

ஜூலை 22

எலி,

நான் நலம். முழங்காலில் ஒன்றுமில்லை. நீ நன்றாகச் சாப்பிடு, தூங்கு, திட்டம் போடுவதை விட்டுவிட்டுப் பாடத்தைப் படி.

அந்த மூன்றாவது பந்து குறி தவறியது அல்ல. என் முன்பற்கள் இரண்டும் பொய்ப்பல் என்பது உனக்குத் தெரியும். அவை எப்படிப் போயின என்று நீ கேட்டதில்லை. இப்போதும் கேட்காதே.

ரிங்குக்குக் கீழே உட்காரும்போது மடியில் புத்தகம் வைக்காதே. பந்து எங்கிருந்து வேண்டுமானாலும் வரும்.

அம்மாவைத் தொண்டைக்கு வெந்நீர் குடிக்கச் சொல். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

அக்கா

ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? உங்கள் விடுதியில் தண்ணீர் சரியாக வருகிறதா? இங்கே எல்லோரும் நலம், குழுவைத் தவிர.

வெந்நீர் கொடுத்தேன். "உனக்கு யாருடி சொன்னது?" என்றாள். "புத்தகத்துல படிச்சேன்" என்றேன். இது பொய். ஆனால் அம்மாவிடம் சொன்ன பொய். உனக்கு எழுதுவதில் இல்லை.

அம்மா இவர்களுக்குப் பந்து போடவே கற்றுக்கொடுக்கவில்லை! முதல் வாரம் எல்லோரையும் தரையில் உட்கார வைத்துச் சொன்னாள்: "உங்களுக்குக் கூடைல போட வராது. அத ஒரு சீசன்ல வரவெக்க என்னாலயும் முடியாது. ஆனா நிக்க வரும்ல? அவ எந்த எடத்துக்கு ஓடி வராளோ, அந்த எடத்துல அவளுக்கு முன்னாடி போய் நில்லுங்க. முட்டட்டும். விழுங்க. விசில் உங்களுக்கு."

உனக்குத் தெரிந்ததுதான். நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். தடுப்பவள் முதலிலேயே வந்து காலை ஊன்றி அசையாமல் நின்றுவிட்டால், பந்தோடு ஓடி வந்து அவள் நெஞ்சில் மோதுகிறவள் மேல்தான் தப்பு. அவளுக்கு ஒரு ஃபவுல். பந்தும் நம் பக்கம் வந்துவிடும். ஐந்து ஃபவுல் ஆனால் அவள் வெளியே. ஆகவே நன்றாக ஆடுகிறவளை ஐந்து முறை நம்மேல் மோதவிட்டால் போதும்! இதற்கு அம்மா வைத்த பெயர் சுவர்.

பயிற்சி இப்படி. ஒருத்தி கையை நெஞ்சுக்குக் குறுக்கே கட்டி நிற்பாள். இன்னொருத்தி நடுக்கோட்டிலிருந்து முழு வேகத்தில் வந்து அவளை இடித்துத் தள்ளுவாள். கேப்டன், "மெத்தை போட்டுக்கலாமா கோச்?" என்று கேட்டாள். "மேட்ச்ல போடுவாங்கன்னா நானும் போடறேன்" என்றாள் அம்மா. காலை நகர்த்தியவளுக்கு அறை விழும். மெதுவாக இடித்தவளுக்கும் அறை விழும். ஒருத்தியின் பல் அவள் உதட்டையே துளைத்து வெளியே தெரிந்தது. ஒருத்தி வாந்தி எடுத்தாள். ஒருத்தி எழுந்ததும் இடித்தவளின் முடியைப் பிடித்து இழுத்து முகத்தில் குத்தினாள். அம்மா அவர்களைப் பிரிக்கவில்லை. "இந்தக் கோபத்தோட இன்னொரு தடவ இடி" என்றாள்.

கேப்டனை எல்லோரும் கொக்கு என்கிறார்கள். அந்த உயரம், அந்தக் கால். எனக்கு அவளை மிகவும் பிடித்திருக்கிறது. ஒவ்வொருத்தி விழும்போதும் வியர்வையில் ஒரு முதுகு தரையில் பதியும். யாருடையது என்று பார்க்காமலே இப்போது சொல்லிவிடுவேன். பொம்மையின் முதுகு சின்ன இலை மாதிரி. கொக்கின் முதுகு நீளமாக, இரு தோளும் சமமாக, அச்சில் போட்டதுபோல் இருக்கும். அவள்தான் சரியாக விழுகிறாள்; முதலில் பின்பக்கம், பிறகு முதுகு, தாடை நெஞ்சோடு ஒட்டி. நான் துடைக்கப் போனால் படுத்தபடியே, "ஏய் எலி, கஷ்டப்பட்டு வரைஞ்சிருக்கேன், அழிக்காத" என்பாள்.

உடம்பு ஜாக்கிரதை.

உன் தங்கை,
எலி

ஆகஸ்ட் 28

எலி,

நலம். தண்ணீர் வருகிறது.

நீ புரிந்துகொண்டது சரி. ஒன்றை விட்டுவிட்டாய். முட்டுகிறவளுக்கு ஐந்து ஃபவுல் இருக்கிறது. நிற்கிறவளுக்கு உடம்பு ஒன்றுதான். அம்மா இதை அவர்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். என்னிடம் சொல்லியிருக்கிறாள். முட்டி ஒருத்தியை வெளியேற்றுவதை, "ஒரு ஃபவுலுக்கு ஒரு ஆள், லாபந்தான்" என்பாள்.

ஒரு கேள்வி. என்னைப் பற்றி அவள் எப்போதாவது பேசுகிறாளா? இல்லையென்றால் இல்லை என்றே எழுது. எனக்கொன்றும் இல்லை.

அக்கா

செப்டம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? உனக்குச் சளி என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். சரியாகிவிட்டதா?

ஜெயித்துவிட்டோம்! மூன்று முறை! மேனேஜர் மூன்றாவது வெற்றிக்குப் பிறகு, "மேடம், இது மாயம்" என்றார். அம்மா, "மாயம் இல்ல, மரியாதையா நிக்க வெச்சிருக்கேன்" என்றாள்.

முதல் ஆட்டத்தைச் சொல்கிறேன். எதிர்க்குழுவின் நட்சத்திர ஆட்டக்காரி எங்கே திரும்பினாலும் அங்கே கொக்கு நின்றாள். மோதினாள், கொக்கு விழுந்தாள், விசில். மறுபடி மோதினாள், விசில். நாலாவது ஃபவுலுக்குப் பிறகு அவள் முழங்கையால் கொக்கின் புருவத்தைக் கிழித்துவிட்டாள். நடுவர் பார்க்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து பசை போட்டு ஒட்டிக்கொண்டு, ஒரு கண் மூடியபடியே கொக்கு திரும்ப வந்து அதே இடத்தில் நின்றாள். ஐந்தாவது ஃபவுல். நட்சத்திரம் வெளியே போகும்போது நாற்காலியை உதைத்தாள். அது பறந்து வந்து என் காலில் பட்டது. நீலமாக வீங்கியிருக்கிறது, கவலைப்படாதே. அரங்கம் முழுக்க, "சுவர்! சுவர்!" என்று கத்தியது. போன வருஷம் இந்த அரங்கத்தில் புறாக்கள்தான் உட்கார்ந்திருக்கும் என்று கொக்கு சொன்னாள்.

இனி உன் கேள்வி. திரும்பி வரும்போது வண்டியில் நானே அம்மாவிடம் கேட்டேன், "அக்காவ உன் பழைய டீம விட்டு நீ ஏன் எடுத்த?" என்று. அம்மா சொன்னாள்: "அவளா? நல்லா ஓடுவா. கை சுத்தம். ஆனா முட்ட வேண்டிய எடத்துல ஒதுங்கிடுவா. யாருக்காவது வலிக்கும்னா அவளுக்கு மனசு வராது. என்ன பண்ணியும் அத என்னால மாத்த முடியல. நான் தோத்தது அவ ஒருத்திகிட்டதான்."

எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எனக்கு இது பாராட்டுப் போலத்தான் கேட்டது. அதனால் எழுதிவிட்டேன்.

நன்றாக ஓய்வெடு.

உன் தங்கை,
எலி

அக்டோபர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதில் வரவில்லை. நான் நூலகத்துக்குள் நுழையும்போதே மேடம் தலையை ஆட்டிவிடுகிறார். சளி அதிகமாகிவிட்டதா? இல்லை, நான் எழுதியதில் ஏதாவது தப்பா? எது என்று சொன்னால் திருத்திக்கொள்வேன்.

நாங்கள் இப்போது நடுவில் இருக்கிறோம். இன்னும் சில வெற்றிகள் வந்தால் குழுவைக் கலைக்க மாட்டார்கள். போன வாரம் ஒருத்திக்குத் தோள் கழன்றது. பிசியோ ஒரு துண்டைக் கடிக்கக் கொடுத்து, பெஞ்சுக்குப் பின்னால் வைத்தே அதைத் திரும்பப் பொருத்தினார். 'டொக்' என்றது. பொம்மைக்கு இப்போது கண் மூடுவதே இல்லை. எதிர்க்குழுக்காரி விரலை விட்டபோதுகூட மூடவில்லை. கண் சிவந்து முயல் மாதிரி இருக்கிறாள். "கோச், இப்ப தூங்கறப்பகூட மூட மாட்டேங்குது" என்று எல்லோரையும் சிரிக்க வைத்தாள்.

முக்கியமானது கொக்கு. போன ஆட்டத்தில் ஒரு மலை மாதிரி ஆள் அவள்மேல் வந்து விழுந்தாள். நான் பக்கத்தில் இருந்ததால் கேட்டேன்: மர அடிஸ்கேல் உடைகிற சத்தம். கொக்கு எழுந்து விளையாடினாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் முதுகு முழுதாகப் பதியவில்லை. பாதிதான் பதிகிறது. ஒரு தோள், ஒரு இடுப்பு. இன்னொரு பக்கம் தரை காய்ந்தே இருக்கிறது.

கழிவறையில் அவள் விலாவைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டேன். "வந்துட்டல்ல, அந்த முனையப் பிடி, இழு" என்றாள். இழுத்தேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "யார்கிட்டயும் சொல்லாத எலி. பிசியோகிட்டயும், உங்கம்மாகிட்டயும். உக்கார வெச்சிருவாங்க. நான் உக்காந்தா இந்த டீமும் உக்காந்துரும்" என்றாள்.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றேன். ஆனால் எல்லாவற்றையும் எழுதுவதாக உனக்கு ஜூலையிலேயே சொல்லிவிட்டேன். முதலில் கொடுத்த வாக்குத்தான் முன்னால் நிற்கும் என்று நினைக்கிறேன். தப்பா?

சீக்கிரம் பதில் போடு.

உன் தங்கை,
எலி

அக்டோபர் 21

என் அன்புள்ள எலிக்குட்டிக்கு,

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னித்துவிடு. சளியெல்லாம் எப்போதோ போய்விட்டது. நீ நலம்தானே? காலில் வீக்கம் வடிந்ததா? கண்ணுக்கு அருகில் புத்தகத்தை வைத்துப் படிக்காதே.

உன் கடிதங்களை மறுபடி மறுபடி படித்தேன். நீ எவ்வளவு நன்றாகக் கவனிக்கிறாய்! எங்கள் குழுவிலேயே உன்னளவு பார்க்கத் தெரிந்தவர்கள் இல்லை. நீ செய்தது தப்பே இல்லை. அக்காவிடம் சொல்வது வெளியில் சொல்வது ஆகாது.

கொக்கு இப்போது எப்படி இருக்கிறாள்? காய்ந்திருக்கும் பக்கம் எது, இடதா வலதா? மேலேயா கீழேயா? முட்ட வரும்போது கடைசி நேரத்தில் திரும்பிக்கொள்கிறாளா, இல்லை இன்னும் அசையாமல்தான் நிற்கிறாளா? நீ எப்போதும் எழுதுகிற மாதிரி உள்ளதை உள்ளபடி எழுது.

நவம்பர் நடுவில் உங்கள் அரங்கத்தில் எங்கள் ஆட்டம். உன்னைப் பார்க்கப் போகிறேன். எவ்வளவு வளர்ந்திருக்கிறாயோ.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அக்கா

நவம்பர் 3

என் அன்பான அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் நூலகத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். மேடம் விரலை உதட்டில் வைத்தார், பிறகு அவரும் சிரித்தார். நீ சௌக்கியம் என்று தெரிந்ததே எனக்குப் போதும். வீக்கம் வடிந்துவிட்டது.

பேசியதுகூட இல்லாத கொக்குக்காக நீ இவ்வளவு கவலைப்படுகிறாய்! அம்மா சொன்னது சரிதான். யாருக்காவது வலித்தால் உன்னால் தாங்க முடியாது.

காய்ந்திருப்பது இடது பக்கம். கீழ் விலா, கை மடக்கினால் முழங்கை தொடும் இடம். விழும்போது வலப்பக்கமாக உருண்டு விழுகிறாள். ஆனால் முட்டுவதற்கு முன்னால் திரும்புவதே இல்லை. அசையாமல்தான் நிற்கிறாள். டாக்டரிடம் போ என்று நானும் சொல்லிப் பார்த்தேன். "சீசன் முடியட்டும், மொத்தமா ரிப்பேருக்குப் போறேன்" என்கிறாள். இருமும்போது தலையணையை அணைத்துக்கொள்கிறாள்.

நேற்றுப் பயிற்சியில் அவள் அரை அடி பின்வாங்கினாள் என்று அம்மா எல்லோர் முன்னாலும் அறைந்தாள். விரல்கள் நாலும் கன்னத்தில் தெரிந்தன. கொக்கு அம்மாவைவிட ஒரு முழம் உயரம். குனிந்து, "இன்னொன்னும் குடுத்துடுங்க கோச், இந்தக் கன்னம் கோச்சுக்கும்" என்றாள். அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

உன் கட்டிலைத் தட்டிப் போர்வையைத் துவைத்து வைத்திருக்கிறேன். ஆட்டம் முடிந்ததும் வீட்டுக்கு வா. ஒரு வேளை சாப்பாடு மட்டுமாவது. அம்மா ஒன்றும் சொல்ல மாட்டாள், நான் நடுவில் உட்கார்ந்துகொள்கிறேன்.

ஆவலோடு காத்திருக்கும்,
எலி

நவம்பர் 17

அக்காவுக்கு,

நீ நலம்தான், பார்த்தேன். அதனால் விசாரிக்கவில்லை.

நீயும் அங்கே இருந்தாய். ஆனால் நீ ஓடிக்கொண்டிருந்தாய், நான் உட்கார்ந்திருந்தேன். ஆகவே நான் பார்த்ததை எழுதுகிறேன். தவறென்றால் திருத்து.

இரண்டாம் பாதி தொடங்கியதும் பந்து உன்னிடம் வந்தது. ஒரு பக்கம் ரிங் வரைக்கும் வழி காலியாக இருந்தது. நீ அந்தப் பக்கம் போகவில்லை. கொக்கு நின்ற பக்கம் திரும்பினாய். அவள் கையைக் குறுக்கே கட்டி, காலை ஊன்றி நின்றாள். மோத வருகிறவர்கள் கடைசி நொடியில் கொஞ்சம் தயங்குவார்கள். அது உடம்பு தானாகச் செய்வது. இந்தச் சீசன் முழுக்க அதைப் பார்த்திருக்கிறேன். நீ தயங்கவில்லை. வேகத்தைக் கூட்டினாய். பந்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது தோளை இறக்கினாய். அது அவள் இடது விலாவில், கீழே, நான் எழுதிக் கொடுத்த இடத்தில் ஏறியது. பின்னாலேயே உன் முழங்கால்.

கொக்கு முதுகு பதிய விழவில்லை. வலப்பக்கமும் உருளவில்லை. கொடியிலிருந்து நழுவிய துணி மாதிரி அப்படியே மடிந்தாள்.

நடுவர் விசில் ஊதினார். உனக்கு ஃபவுல். விசில் எங்கள் பக்கம் என்றதும் அரங்கம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. "சுவர்! சுவர்!" என்று குழந்தைகள்கூடக் கத்தின. கொக்கின் வாயிலிருந்து நுரை நுரையாக ரத்தம் வந்துகொண்டிருந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரிந்தது, நான் அவ்வளவு பக்கத்தில் இருந்தேன். பிறகு பொம்மைக்குத் தெரிந்தது. அவள் ஓடிவந்து உன் வாயில் குத்தினாள். நீ திருப்பி அவள் தொண்டையில் அடித்தாய். இரண்டு பெஞ்சும் காலியாகி எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். யாரோ யாருடைய காதையோ கடித்தார்கள். ஒரு நகம் வேரோடு பெயர்ந்து என் காலருகே விழுந்தது. அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் கொக்கு மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். ஓட்டை விழுந்த பம்பு மாதிரி சத்தம் வந்தது. நான் என்ன செய்வதென்று தெரியாமல் துடைத்துக்கொண்டே இருந்தேன். மாப் சிவப்பாகிவிட்டது.

நீங்கள் ஜெயித்தீர்கள். அதற்குப் பிறகுதான் அரங்கத்தின் உள் நடைவழியில் அம்மா உன்னிடம் வந்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அம்மா உன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இத்தன வருஷமா இத எங்கடி வெச்சிருந்த?" என்றாள். நீ அவள் தோளில் முகத்தை வைத்துச் சின்னக் குழந்தை மாதிரி அழுதாய். அம்மா உன் பின்னந்தலையைத் தடவினாள். "ஒரு ஃபவுலுக்கு ஒரு ஆள்" என்று மெதுவாகச் சொன்னாள்.

நீங்கள் இருவரும் அப்படிக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கத்தான் ஜூலையிலிருந்து கடிதம் எழுதினேன். பார்த்துவிட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். எந்தப் பக்கம் என்று ஏன் கேட்டாய்?

எலி

டிசம்பர் 2

அன்புள்ள எலிக்குட்டிக்கு,

நலம். நீயும் அம்மாவும் நலம் என்று அம்மாவே சொன்னாள். தினமும் போன் செய்கிறாள்! ஒரு மணி நேரம் பேசுகிறோம், ஆட்டத்தைப் பற்றித்தான். எந்தக் காலை முதலில் ஊன்றினேன் என்றுகூடக் கேட்டாள்.

உனக்கு நல்ல செய்தி. அடுத்த சீசனுக்கு நான் உங்கள் குழுவுக்கே வருகிறேன். கையெழுத்துப் போட்டாகிவிட்டது. கடைசி ஆட்டங்களில் தோற்றாலும் அரங்கம் நிறைந்ததால் குழுவைக் கலைக்கவில்லையாம். அம்மா என்னைக் கேப்டனாகப் போடப்போகிறாள்.

கொக்கு தேறி வருவாள். ஆட்டத்தில் இதெல்லாம் சகஜம்.

என் கட்டில் தயாராக இருக்கட்டும். உனக்குப் புத்தகங்கள் வாங்கி வருகிறேன், எது வேண்டுமென்று சொல். இனி நமக்குள் கடிதம் எதற்கு? நேரிலேயே பேசலாம்.

முத்தங்களுடன்,
அக்கா

டிசம்பர் 11

அக்காவுக்கு,

நலமாக இரு. நீ வருவதால் இது கடைசிக் கடிதம். நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. நான் மறுபடி கேட்கப் போவதில்லை.

சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். கொக்கின் விலாவிலிருந்து ஒரு குழாய் கட்டிலுக்குக் கீழே இருக்கும் பாட்டிலுக்குப் போகிறது. அவள் மூச்சுவிட்டால் பாட்டிலில் குமிழி வருகிறது. உடைந்த எலும்பு நுரையீரலைக் குத்திவிட்டதாம். ஒரு தடவை திறந்து தைத்தார்கள். சரியாக ஒட்டவில்லை என்று மறுபடி திறந்தார்கள். இனி ஓட முடியாது. மாடிப்படி ஏறலாம், நின்று நின்று.

"வாடி எலி, உக்காரு. சிரிக்க மட்டும் வெக்காத, பாட்டில் பொங்கிரும்" என்றாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். முதுகு பாதி பதிந்ததை எழுதியது, நீ கேட்டது, நான் இடது என்று எழுதியது. ஒன்றையும் விடவில்லை. கடைசியில், "கோச் என்ன சொன்னாங்க?" என்றாள். அதையும் சொன்னேன். ஒரு ஃபவுலுக்கு ஒரு ஆள்.

குமிழி வந்துகொண்டே இருந்தது.

"இத எதுக்கு எங்கிட்ட சொன்ன?" என்றாள்.

"உண்மைங்கறதால."

"ஆட்டத்துல அடிபட்டேன்னு நெனச்சுட்டுப் படுத்திருந்தேன். அது ஒரு மாதிரி நல்லாத்தான் இருந்துச்சு. உனக்குச் சொல்லிட்டா மனசு லேசாயிடும். நான் இத வேற தூக்கிட்டு மாடி ஏறணும்." பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "போறப்ப கதவச் சாத்திட்டுப் போ."

சாத்திவிட்டு வந்தேன். இதைவிடப் பலமாக யாரும் என்னை அடித்ததில்லை. அவள் கையைக்கூட அசைக்கவில்லை.

இன்று அரங்கத்தில் புது ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். மாலையிலிருந்து இடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண்ணுக்கு மணிக்கட்டு முறிந்து கை பின்பக்கமாகத் தொங்கியது. எல்லோரும் போன பிறகு அம்மா என்னை நடுக்கோட்டுக்குக் கூப்பிட்டாள்.

"அக்கா எல்லாம் சொன்னா" என்றாள். சொல்லிவிட்டு ஒரு அறை விட்டாள். காது இன்னும் இரைகிறது. "இது, நம்ம டீம் விஷயத்த வெளிய எழுதினதுக்கு." அப்புறம் அதே கன்னத்தைத் தட்டினாள். "இது, கண்டுபிடிச்சதுக்கு. பிசியோவுக்குத் தெரியல, எனக்கே தெரியல. தரையப் பாத்தே சொல்லிட்டியே! இனிமே கீழ உக்கார வேணாம். பெஞ்சுல என் பக்கத்துல உக்காரு. எதிர் டீம்ல யாருக்கு எங்க வலிக்குதுன்னு பாத்துச் சொல்லு, போதும்."

"வேணாம்மா" என்றேன்.

"ஏன்?"

"நான் பாக்க மாட்டேன்."

அம்மா சிரித்தாள். "உன்னால பாக்காம இருக்க முடியாதுடி" என்றாள்.

அது உண்மை. அவளைப் போல ஆளை அளக்க யாராலும் முடியாது. அந்தப் பெண்ணின் மணிக்கட்டு முறியப்போவதை, அவள் கையை ஊன்றி விழுந்த விதத்திலேயே நான் இரண்டு இடிக்கு முன்னாலேயே தெரிந்துகொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாததும் தப்பாகிவிட்டது.

உன் கட்டிலில் புதுப் போர்வை விரித்திருக்கிறேன். நான் கூடத்தில் படுத்துக்கொள்கிறேன். நீ வருவதில் எனக்குச் சந்தோஷம். அதையும் உண்மையாகவே எழுதுகிறேன். இத்தனைக்குப் பிறகும் சந்தோஷமாக இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இதை அரங்கத்திலேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அம்மா விளக்கு ஸ்விட்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "நாளைக்கு எங்க உக்காரப் போற? பதில் சொல்லு" என்கிறாள்.

"நாளைக்கு நான் வரலம்மா" என்று சொல்லிவிட்டேன். காதில் விழாதது மாதிரி மறுபடி கேட்டாள். மறுபடியும் அதையே சொன்னேன். மூன்றாவது முறை அவள் கேட்கவில்லை. இந்தக் கடைசி வரியை வெளிப்படிக்கட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே அம்மா எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டாள்.